சுவரிலுள்ள மடை: மின்ஹீட்டருக்குச் சரியான தெர்மோஸ்டாட் எது?

ஜனவரி மாத நடுநிசி. வெளியே சைபருக்குக் கீழே இருபது டிகிரி. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அந்த அமைதியில் சுவரிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம். சற்று நேரத்தில், ஜன்னலுக்குக் கீழே நீண்டு கிடக்கும் பேஸ்போர்ட் ஹீட்டரின் தகடுகள் சூடேறி விரிகிற மெல்லிய ஓசை. கனடாவில் மின்ஹீட்டர் உள்ள வீட்டில் ஒரு குளிர்காலத்தையாவது கழித்தவர்களுக்கு இந்த இரண்டு சத்தங்களும் பழகிப்போனவை.

அந்த ‘டிக்’ எழும் கணத்தில், உள்ளங்கையளவுப் பெட்டி ஒன்று, ஓர் அறையைச் சூடாக்கத் தேவையான மின்சாரம் முழுவதையும் தன் வழியே திறந்துவிடுகிறது. அந்தப் பெட்டிதான் தெர்மோஸ்டாட். இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தபின் அது பழுதாகும்போது, கடைக்குப் போய்ப் பார்க்க அழகாக இருப்பதை வாங்கிவருகிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

போன குளிர்காலத்தில் ஸ்காபரோவிலிருந்து ஒரு நண்பர் தொலைபேசியில் கூப்பிட்டார். “அண்ணை, வாங்கின தெர்மோஸ்டாட்டில எட்டு வயர் பூட்டுற இடம் இருக்கு. சுவரில ரெண்டு தடிச்ச வயர்தான் கிடக்கு. எதை எங்க குடுக்கிறது?” என்று கேட்டார். “ஒண்டையும் குடுக்காதேங்கோ. அதைத் திருப்பிக் குடுத்திட்டு வாங்கோ” என்றேன். அவர் வாங்கியது நல்ல பொருள்தான். ஆனால் அது அவர் வீட்டுக்கான பொருள் அல்ல. ஏன் என்று அன்று அவருக்குச் சொன்னதையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

சொல்லி அனுப்புபவனும் மடையும்

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வரப்பில் நிற்கும் சிறுவன், “போதும், அடையுங்கோ” என்று தூரத்தில் நிற்பவருக்குக் குரல் கொடுக்கிறான். அவர் மடையை அடைக்கிறார். சிறுவன்மேல் ஒரு துளித் தண்ணீர்கூடப் படுவதில்லை. எரிவாயு உலை உள்ள வீடுகளில் இருக்கும் தெர்மோஸ்டாட் அந்தச் சிறுவனைப் போன்றது. அது 24 வோல்ட் என்ற சிறு மின்னழுத்தத்தில் வேலை செய்கிறது. மெல்லிய, பல வண்ண வயர்கள் வழியாக உலைக்குச் செய்தி அனுப்புகிறது. எரிப்பதும் அணைப்பதும் உலையின் வேலை.

பேஸ்போர்ட் ஹீட்டரின் தெர்மோஸ்டாட் அப்படியல்ல. அதுவே மடை. பிரேக்கர் பெட்டியிலிருந்து வரும் 240 வோல்ட் மின்சாரம் நேராக அதற்குள் நுழைந்து, அதன் தொடுமுனைகளைக் கடந்து ஹீட்டருக்குப் போகிறது. இடையில் வேறு எந்தச் சுவிட்சும் இல்லை. ஆங்கிலத்தில் இந்த வகையை ‘லைன் வோல்டேஜ்’ தெர்மோஸ்டாட் என்கிறார்கள். வீட்டுக்கு வரும் முழு மின்னழுத்தத்தையும் தாங்குவது என்று பொருள்.

நெஸ்ட், ஈகோபீ என்று பெயர் பெற்ற ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுகள் 24 வோல்ட் வகையைச் சேர்ந்தவை. அவற்றை 240 வோல்ட் வயரில் கொடுத்தால் பொருளும் போகும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல. சுவரில் ஆழமான மின்பெட்டி இருந்து, அதற்குள் இரண்டு அல்லது நான்கு தடித்த வயர்கள், கனடாவில் ‘மரெட்’ என்று அழைக்கும் திருகுமூடிகளால் இணைக்கப்பட்டிருந்தால் அது லைன் வோல்டேஜ். பழைய தெர்மோஸ்டாட்டின் முகப்பிலோ பின்புறத்திலோ 120, 240 என்ற எண்கள் அச்சிடப்பட்டிருந்தால் ஐயமே வேண்டாம்.

வடக்கின் வெப்பம் எங்கிருந்து வருகிறது

ஒன்ராறியோவில் பெரும்பாலான தனிவீடுகள் எரிவாயுவில் சூடாகின்றன. மின்ஹீட்டரை அங்கே பேஸ்மெண்ட்டிலும், பழைய டவுன்ஹவுஸ்களிலும், பிற்பாடு சேர்த்துக் கட்டிய அறைகளிலும்தான் அதிகம் பார்க்கிறோம். கியூபெக்கின் கதை வேறு. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் அணைகளிலிருந்து வருகிறது. மானிக்குவாகன் ஆற்றிலும் ஜேம்ஸ் விரிகுடாப் பகுதியிலும் எழுந்த பெரும் அணைகள் மின்சாரத்தை மலிவாக்கின. அதனால் பெரும்பாலான குடும்பங்கள் மின்சாரத்தாலேயே வீட்டைச் சூடாக்குகின்றன. மின்கட்டணச் சீட்டைக் கனடாத் தமிழர் ‘ஹைட்ரோ பில்’ என்று சொல்வதற்கும் இந்த நீர்மின்சாரமே காரணம்.

மின்ஹீட்டர்கள் பெருகியதால் அவற்றுக்கான தெர்மோஸ்டாட் தொழிலும் அந்த மாகாணத்திலேயே வேர்பிடித்தது. ஸ்டெல்ப்ரோ, வெலெட், சினோப்பே ஆகிய நிறுவனங்கள் கியூபெக்கைச் சேர்ந்தவை. மைசா, கிழக்குக் கோடியிலுள்ள நியூஃபவுண்ட்லாந்தில் தோன்றியது. உலகின் பெரிய நிறுவனங்கள் அவ்வளவாகக் கவனிக்காத ஒரு தேவையை, அந்தக் குளிரில் வாழ்கிறவர்களே தீர்த்துக்கொண்டார்கள்.

முதல் கேள்வி: எத்தனை வோல்ட், எத்தனை வாட்?

மடையின் அகலம் வாய்க்காலின் நீரோட்டத்துக்குப் பொருந்த வேண்டும். ஆகவே தேர்வு தொடங்க வேண்டிய இடம் கடையல்ல, உங்கள் ஹீட்டர். அதன் ஓரத்திலோ முன்மூடிக்குள்ளோ ஒரு தகட்டில் வோல்ட்டும் வாட்டும் எழுதப்பட்டிருக்கும்.

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 240 வோல்ட்டில் 1500 வாட் ஹீட்டர் 6.25 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். ஒரே தெர்மோஸ்டாட் இரண்டு ஹீட்டர்களை இயக்குவதும் உண்டு. வரவேற்பறையில் இரண்டு ஜன்னல்களுக்குக் கீழே 1500 வாட் ஹீட்டர் ஒவ்வொன்று இருந்தால் மொத்தம் 3000 வாட், அதாவது 12.5 ஆம்பியர். தெர்மோஸ்டாட் தாங்க வேண்டியது இந்தக் கூட்டுத்தொகையை. ஒரு ஹீட்டரை மட்டும் பார்த்துவிட்டு வாங்கினால் கணக்குப் பிழையாகிவிடும்.

கடையில் பரவலாகக் கிடைக்கும் மின்னணுத் தெர்மோஸ்டாட் ஒன்றில் 240 வோல்ட், 4000 வாட் என்று எழுதியிருக்கும். அதையே 120 வோல்ட் ஹீட்டருக்குப் போட்டால் அது தாங்குவது 2000 வாட் மட்டுமே. தெர்மோஸ்டாட்டுக்கு உண்மையான எல்லை ஆம்பியர்தான். 4000 வாட் என்பது 16.7 ஆம்பியரை 240 வோல்ட்டால் பெருக்கி எழுதியது. உள்ளே இருக்கும் உலோகத்தைச் சூடாக்குவது மின்னோட்டம் என்பதால், வோல்ட் குறைந்தால் அனுமதிக்கப்படும் வாட்டும் குறைகிறது.

தகடு அழிந்துபோயிருந்தால் நீளத்தை அளந்து ஓரளவு ஊகிக்கலாம். வழக்கமான பேஸ்போர்ட் ஹீட்டர்கள் அடிக்கு ஏறத்தாழ 250 வாட் என்ற கணக்கில் செய்யப்படுகின்றன. ஆறு அடி ஹீட்டர் 1500 வாட் இருக்கலாம். இது ஊகம்தான். பிரேக்கரின் அளவோடு ஒப்பிட்டு எலக்ட்ரீஷியன் உறுதிசெய்ய வேண்டும்.

ஹீட்டர் 120 வோல்ட்டுக்கானதா, 240-க்கானதா என்பதில் மட்டும் ஊகத்துக்கு இடமே இல்லை. ஹீட்டருக்குள் இருப்பது நிக்ரோம் போன்ற கலப்புலோகத்தாலான ஒரு தடைக்கம்பி. அதில் பிறக்கும் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அழுத்தம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். 120 வோல்ட்டுக்கான 1000 வாட் ஹீட்டரை 240 வோல்ட்டில் கொடுத்தால் அது 4000 வாட்டாக எரிய முயலும். முடிவு தீ. மாறாக 240 வோல்ட்டுக்கான 2000 வாட் ஹீட்டரை 120 வோல்ட்டில் கொடுத்தால் 500 வாட்தான் கிடைக்கும். ஆபத்து இல்லை, அறைதான் சூடாகாது.

அடுக்குமாடிகளில் வசிப்பவர்களுக்கு இதே கணக்கில் இன்னொரு செய்தி உண்டு. மூன்று கட்ட மின்சாரம் வரும் பெரிய கட்டடங்கள் பலவற்றில் ஹீட்டருக்குக் கிடைப்பது 240 வோல்ட் அல்ல, 208 வோல்ட். 208-ஐ 240-ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் ஏறத்தாழ முக்கால். 2000 வாட் என்று எழுதிய ஹீட்டர் அங்கே 1500 வாட்தான் தரும். கடுங்குளிரில் அறை போதிய அளவு சூடாகவில்லை என்றால் பழியைத் தெர்மோஸ்டாட்மேல் போடுமுன் இதையும் பாருங்கள்.

இரண்டாம் கேள்வி: இரண்டு வயரா, நான்கா?

இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள் அதிகம் தவறும் இடம் இது. ஊரில் 230 வோல்ட் என்றால் ஒரு வயரில் உயிர் இருக்கும், மற்றது நியூட்ரல். உயிருள்ள வயரைத் துண்டித்துவிட்டால் கருவி அடங்கிவிடும். வட அமெரிக்காவின் 240 வோல்ட் இப்படிப்பட்டதல்ல. தெருமுனை மின்மாற்றியின் சுருளில் நடுப்புள்ளியை நிலத்தோடு இணைத்துவிடுகிறார்கள். சுருளின் இரு முனைகளும் நிலத்தைப் பொறுத்து 120 வோல்ட் வீதம் நிற்கின்றன. ஒன்று ஏறும்போது மற்றது இறங்குவதால் இரண்டுக்கும் இடையே 240 வோல்ட். ஹீட்டருக்குப் போகும் இரண்டு வயரிலுமே உயிர் இருக்கிறது. நியூட்ரல் என்று ஒன்று அங்கே கிடையாது.

இரண்டு வயரோடு இணையும் தெர்மோஸ்டாட்டை ‘சிங்கிள் போல்’ என்கிறார்கள். அது இரண்டு உயிர்வயரில் ஒன்றை மட்டும் துண்டிக்கும். சுற்று முறிவதால் ஹீட்டர் குளிர்ந்துவிடும். ஆனால் மற்ற வயர் வழியாக ஹீட்டருக்குள் 120 வோல்ட் அப்படியே நிற்கும். தெர்மோஸ்டாட்டைக் குறைத்துவிட்டோம், ஹீட்டர் குளிர்ந்துவிட்டது என்று நம்பி அதன் மூடியைக் கழற்றிக் கைவைத்தால் மின்சாரம் தாக்கும். உயிரே போகலாம்.

நான்கு வயரோடு இணைவது ‘டபுள் போல்’. அதில் ‘ஆஃப்’ என்ற நிலை இருக்கும். அங்கே திருப்பினால் இரண்டு உயிர்வயரும் துண்டிக்கப்படும். பழைய தெர்மோஸ்டாட்டில் நான்கு வயர் இருந்தால் புதியதையும் அதே வகையில் வாங்குவது நல்லது. சிங்கிள் போலைப் போட்டு மிச்ச இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி ஓடவைக்க முடியும்தான். ஆனால் இதுவரை இருந்த முழுத் துண்டிப்பு என்ற பாதுகாப்பை அதோடு இழந்துவிடுவீர்கள்.

எந்த வகையாக இருந்தாலும் வேலைக்குமுன் பிரேக்கரை இறக்குவதுதான் ஒரே காப்பு. ஒன்றோடொன்று பிணைந்த இரட்டைப் பிரேக்கரை இறக்கி, மின்சோதனைக் கருவியால் ஒவ்வொரு வயரையும் பார்த்த பிறகுதான் தொட வேண்டும்.

சுவர்ப்பெட்டியைத் திறக்கும்போது பழைய தெர்மோஸ்டாட்டில் இரண்டு வயர்தான் இணைந்திருக்கலாம். ஆனால் பெட்டியின் அடியில் வேறு இரண்டு வயர்கள் மரெட்டால் ஒன்றாக இணைக்கப்பட்டு ஒதுங்கிக் கிடக்கலாம். அது இரண்டாவது உயிர்வயர், தெர்மோஸ்டாட்டைத் தொடாமல் நேராக ஹீட்டருக்குப் போகிறது. இதைக் கவனித்துவைப்பது முக்கியம். வைஃபை தெர்மோஸ்டாட்டுகள் பலவற்றுக்கு இரண்டு உயிர்வயரும் வேண்டும். பெட்டிக்குள் நான்கு முனைகள் இருந்தால் அவற்றைப் போட வழி இருக்கிறது. உண்மையிலேயே இரண்டுதான் என்றால் இரண்டு வயரில் இயங்கும் மாதிரிகளை மட்டுமே தேட வேண்டும்.

‘டிக்’ சத்தத்தின் அறிவியல்

பழைய வட்டக் குமிழ்த் தெர்மோஸ்டாட் பலவற்றுக்குள் இருப்பது ஈருலோகப் பட்டை. சூட்டில் வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒன்றாகப் பொருத்தினால், வெப்பம் ஏறும்போது பட்டை ஒருபக்கம் வளையும். இந்த வளைவைக் கொண்டு வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர் 1830-இல் காப்புரிமை பெற்றார். தெர்மோஸ்டாட் என்ற பெயரும் அவர் வைத்ததே. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆசிரியராக இருந்த வாரன் ஜான்சன், 1883-இல் மின்சார அறைத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். வெப்பம் ஏறினாலும் அதிகம் விரியாத இன்வார் என்ற கலப்புலோகத்தை 1896-இல் கண்டறிந்த சார்ல்ஸ் எடுவார்ட் கியோம், 1920-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். விரியும் உலோகம் ஒருபக்கமும் விரியாத இன்வார் மறுபக்கமும் இருந்தால் பட்டை நன்றாக வளையும்.

பட்டை மெதுவாக வளைவது நல்லதுதான். தொடுமுனைகள் மெதுவாக விலகுவது மட்டும் ஆபத்து. மயிரிழை இடைவெளியில் மின்பொறி பாய்ந்து உலோகத்தை உருக்கிவிடும். அதனால் ஒரு சிறு காந்தமோ வில்லோ வைத்து, பட்டை போதிய அளவு வளையும்வரை தொடுமுனையைப் பிடித்துவைத்துப் பிறகு சட்டென்று விடுவிக்கிறார்கள். நள்ளிரவில் கேட்ட ‘டிக்’ அதுதான். அப்படியிருந்தும் ஒவ்வொரு தடவையும் சிறு பொறி பறக்கிறது. பல்லாயிரம் தடவைக்குப் பிறகு முனைகள் கருகித் தேய்கின்றன. சில நேரம் ஒன்றோடொன்று ஒட்டியும்விடும். எவ்வளவு குறைத்தாலும் ஹீட்டர் அணையவில்லை என்றால் பெரும்பாலும் நடந்திருப்பது இதுவே. அப்படி நேர்ந்தால் பிரேக்கரை இறக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை.

இந்த வகைக்கு இன்னொரு குறையும் உண்டு. பிடித்துவைத்து விடுவிப்பதால், அணையும் வெப்பநிலைக்கும் எரியும் வெப்பநிலைக்கும் இடையே இடைவெளி விழுகிறது. அணைந்த பிறகும் ஹீட்டரின் உலோகம் சிறிது நேரம் சூட்டை வெளியிடுகிறது. அறை ஒருபோது புழுங்கும், ஒருபோது குளிரும். போதாததற்கு, உள்ளே ஓடும் பெரிய மின்னோட்டம் தெர்மோஸ்டாட்டையே சூடாக்குகிறது. அறை சூடாகிவிட்டது என்று பட்டை ஏமாந்து, சொன்ன அளவை எட்டுமுன்பே அணைத்துவிடுகிறது. வெளியே குளிர் கூடக்கூட ஹீட்டர் அதிக நேரம் எரிவதால் இந்த ஏமாற்றமும் கூடும். வெளியே குளிர் ஏறும் நாளில் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகிறோம் அல்லவா, அதற்கு இதுவே காரணம்.

சத்தமில்லாத சுவிட்ச்

மின்னணுத் தெர்மோஸ்டாட்டில் பட்டைக்குப் பதில் தெர்மிஸ்டர் என்ற சிறு மணி இருக்கிறது. வெப்பம் ஏறினால் அதன் மின்தடை குறையும். அதை ஒரு சில்லு அளந்து கணக்கிடுகிறது. தொடுமுனைக்குப் பதிலாகப் பெரும்பாலான பேஸ்போர்ட் மாதிரிகளில் இருப்பது ‘ட்ரையாக்’ என்ற குறைகடத்திச் சுவிட்ச். அசையும் உறுப்பு எதுவும் இல்லை. மாறுமின்னோட்டம் விநாடிக்கு 120 தடவை சைபரைக் கடக்கிறது. அப்படிக் கடக்கும் கணமாகப் பார்த்துத் திறந்து மூடுவதால் பொறியும் இல்லை, சத்தமும் இல்லை.

தேய்மானம் இல்லாததால் அது அடிக்கடி திறந்து மூடலாம். பல மாதிரிகள் 15 விநாடியை ஒரு சுற்றாகக் கொள்கின்றன. அறைக்கு ஹீட்டரின் 60 விழுக்காடு போதும் என்று கணக்கிட்டால் 9 விநாடி எரித்து 6 விநாடி அணைக்கும். ஹீட்டர் முழுச்சூட்டுக்கும் போகாமல், முற்றாகக் குளிரவும் செய்யாமல், இளஞ்சூட்டில் நிற்கும். அறையின் வெப்பநிலையும் சொன்ன அளவை ஒட்டியே நிற்கும். உடம்பு உணரும் வேறுபாடு பெரிது. பழைய குமிழை எடுத்துவிட்டு மின்னணு வகைக்கு மாறுவது தகும் என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் இந்தச் சீரான வெப்பம்தான்.

ஆனால் ட்ரையாக்குக்கும் எல்லைகள் உண்டு. மின்னோட்டம் பாயும்போது அதன் குறுக்கே ஏறத்தாழ ஒரு வோல்ட்டுக்குச் சற்று அதிகமான அழுத்தம் இழக்கப்படுகிறது. 16 ஆம்பியர் ஓடினால் அது இருபது வாட் அளவு வெப்பமாகத் தெர்மோஸ்டாட்டுக்குள்ளேயே வெளிப்படும். முகப்பு சற்றுச் சூடாக இருப்பதும், மேலும் கீழும் காற்றுத் துளைகள் இருப்பதும் அதனால்தான். அந்தத் துளைகளைத் திரைச்சீலையோ நாட்காட்டியோ மறைக்கக் கூடாது. தெர்மோஸ்டாட்டின் உச்ச அளவை ஒட்டி ஹீட்டரின் சுமை இருந்தால், அதைவிடச் சற்று அதிகம் தாங்கும் மாதிரியை வாங்குவது அறிவுடைமை.

அடுத்தது குறைந்தபட்சச் சுமை. இரண்டு வயர் மின்னணுத் தெர்மோஸ்டாட்டுக்குத் தனி மின்சாரம் இல்லை. தான் இயங்கத் தேவையான சிறிதளவை ஹீட்டர் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. மடை காப்பவன் வாய்க்கால் தண்ணீரிலேயே ஒரு கை அள்ளிக் குடிப்பதைப் போல. வாய்க்கால் மிகச் சிறியதானால் அவனுக்குக் குடிக்கக் கிடைக்காது. அதனால் பல மாதிரிகளில் ‘குறைந்தது 500 வாட்’ என்று எழுதியிருக்கும். குளியலறையின் 300 வாட் ஹீட்டருக்கு அதைப் போட்டால் திரை மினுங்கும், அல்லது இயங்காது. உச்ச அளவைப் பார்க்கிற எல்லோரும் இந்தக் கீழ் எல்லையைப் பார்ப்பதில்லை.

விசிறியுள்ள ஹீட்டர்கள் மூன்றாவது எல்லை. சமையலறை அலமாரிக்கு அடியிலும் குளியலறைச் சுவரிலும் பதிக்கும் ஹீட்டர்களில் ஒரு மோட்டார் ஓடுகிறது. 15 விநாடிக்கு ஒரு தடவை நின்று கிளம்பினால் மோட்டார் கெட்டுவிடும். அவற்றுக்கு நீண்ட சுற்று கொண்ட, விசிறிக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் வெளிப்படையாக எழுதிய தெர்மோஸ்டாட் தேவை. தரைக்கு அடியில் பதித்த வெப்பக்கம்பி என்றால் அது தனி வகை. தரையில் புதைத்த உணரியும், நிலக்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் பாதுகாப்பும் கொண்ட தெர்மோஸ்டாட் அதற்கென்றே இருக்கிறது.

ஸ்மார்ட் என்றால் எவ்வளவு மிச்சம்?

தடைக்கம்பி ஹீட்டர் தான் வாங்கும் மின்சாரம் முழுவதையும் வெப்பமாக்கிவிடுகிறது. எந்தத் தெர்மோஸ்டாட்டும் அதன் திறனைக் கூட்ட முடியாது. மிச்சம் வருவது ஒரே வழியில்தான்: வீட்டிலிருந்து வெளியேறும் வெப்பத்தைக் குறைப்பது. வெளியேறும் வெப்பம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது.

நீங்களே கணக்குப் போடலாம். உள்ளே 21 டிகிரி, வெளியே சைபருக்குக் கீழே 9 என்றால் வேறுபாடு 30. மூன்று டிகிரி குறைத்து 18-இல் வைத்தால் வேறுபாடு 27. வெப்ப இழப்பு பத்தில் ஒரு பங்கு குறைகிறது. இரவு எட்டு மணிநேரம் மட்டும் குறைத்தால் அதன் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 3 விழுக்காடு. எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடும் பகல்நேரத்தையும் சேர்த்தால் ஆறு, ஏழு விழுக்காடு. பெட்டியின்மேல் இதைவிடப் பெரிய எண்ணைக் கண்டால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மின்ஹீட்டரின் உண்மையான வசதி வேறொன்று. ஒவ்வோர் அறைக்கும் தனித் தெர்மோஸ்டாட் இருப்பதால், ஆளில்லாத அறையை மட்டும் குறைத்துவைக்கலாம். நேரம் குறித்துவைக்கக்கூடிய மாதிரி இதை மறக்காமல் செய்யும்.

பரவலாக உள்ள ஒரு நம்பிக்கையையும் இங்கே திருத்த வேண்டும். சீக்கிரம் சூடாகட்டும் என்று 28 டிகிரிக்குத் திருப்பினால் அறை விரைவாகச் சூடாகாது. 1500 வாட் ஹீட்டர் எந்த எண்ணில் வைத்தாலும் 1500 வாட்டுக்கு மேல் தராது. 21-ஐத் தாண்டியும் நிற்காமல் எரிந்துகொண்டிருக்கும், அவ்வளவே.

கியூபெக்கில் வைஃபை தெர்மோஸ்டாட்டுக்கு இன்னொரு பயன் இருக்கிறது. கடுங்குளிர் நாட்களின் காலையிலும் மாலையிலும் எல்லா வீட்டு ஹீட்டரும் ஒன்றாக எரியும். 2023 பிப்ரவரியில் வந்த கடுங்குளிரில் அந்த மாகாணத்தின் மின்தேவை 40,000 மெகாவாட்டைத் தாண்டியது. அந்த உச்ச நேரங்களில் மின்சாரத்தைக் குறைத்துப் பயன்படுத்துவோருக்கு ஹைட்ரோ-கியூபெக் கட்டணச் சலுகை தருகிறது. உச்ச நேரத்துக்குமுன் சற்று அதிகம் சூடாக்கி, அந்த நேரத்தில் தானாகக் குறைத்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட் அங்கே பயன்படும். இப்படிப்பட்ட திட்டம் உங்கள் ஊரில் இல்லையென்றால், நேரம் குறிக்கக்கூடிய எளிய மின்னணுத் தெர்மோஸ்டாட்டே பெரும்பாலோருக்குப் போதுமானது.

வாங்கிய பிறகு

பெட்டியில் சிஎஸ்ஏ, சியூஎல், ஈடிஎல் போன்ற சான்றிதழ் முத்திரை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் இது இல்லாமலும் இருக்கும். ஓர் அறையின் முழு மின்சாரமும் ஓடும் கருவியில் அந்தத் துணிவு வேண்டாம்.

1960-களின் நடுப்பகுதியிலிருந்து 1970-களின் நடுப்பகுதிவரை கட்டிய வீடுகள் பலவற்றில் அலுமினிய வயர் இருக்கிறது. வயரின் முனை வெள்ளியைப் போல மின்னினால் அது அலுமினியமாக இருக்கலாம். அதைச் செம்பு வயரோடு சாதாரண மரெட்டால் இணைத்தால் நாளடைவில் இணைப்பு தளர்ந்து சூடேறும். அதற்கென்று சான்றளிக்கப்பட்ட இணைப்பிகள் வேண்டும். பழைய தெர்மோஸ்டாட்டுக்குள் கண்ணாடிக் குமிழில் வெள்ளித்துளி உருண்டால் அது பாதரசம். குப்பையில் போடாமல் நகராட்சியின் அபாயக்கழிவு நிலையத்தில் ஒப்படையுங்கள்.

மின்வயர் வரும் துளை வழியாகச் சுவருக்குள்ளிருந்து குளிர்காற்று பெட்டிக்குள் நுழைந்தால் எவ்வளவு நல்ல தெர்மோஸ்டாட்டும் தவறாகவே அளக்கும். வெயில் படும் சுவரும், ஹீட்டருக்கு நேர்மேலே உள்ள இடமும் அப்படித்தான் ஏமாற்றும். தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில், உட்சுவரில் இருப்பதே நல்லது.

கியூபெக்கில் வீட்டு மின்வேலையை உரிமம் பெற்றவர்களே செய்ய வேண்டும். மற்ற மாகாணங்களில் விதிகள் வேறுபடும். உங்கள் ஊர் விதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் தாங்களாகச் சுவரைத் திறக்க வேண்டாம். கருகல் மணம், பழுப்பேறிய முகப்பு, ‘சர்ர்’ என்ற சத்தம், அணையாத ஹீட்டர் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் பிரேக்கரை இறக்கிவிட்டு வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பேஸ்மெண்ட்டில் வாடகைக்கு இருக்கும் மாணவர்களும் புதிதாக வந்தவர்களும் வீட்டுக்காரர் மனம் கோணுமோ என்று தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன். தயங்க வேண்டாம். பாதுகாப்பான வெப்பம் வாடகையோடு சேர்ந்த உரிமை.

ஸ்காபரோ நண்பர் பெயர்பெற்ற அந்தப் பொருளைத் திருப்பிக் கொடுத்தார். ஹீட்டர்களின் தகட்டைப் படம் எடுத்து அனுப்பினார். 240 வோல்ட், 1000 வாட் வீதம் இரண்டு ஹீட்டர்கள். சுவரில் இரண்டு வயர். 4000 வாட் தாங்கும், குறைந்தது 500 வாட் கேட்கும், நேரம் குறிக்கக்கூடிய சாதாரண மின்னணுத் தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கினார். எலக்ட்ரீஷியன் அரைமணி நேரத்தில் பூட்டிவிட்டுப் போனார்.

நீங்களும் இந்த அக்டோபரிலேயே, குளிர் இறுகுமுன், ஒரு டார்ச்லைட்டும் காகிதமும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒவ்வோர் அறைக்கும் நான்கு விவரங்களை எழுதுங்கள்: ஹீட்டரின் வோல்ட், எல்லா ஹீட்டர்களும் சேர்ந்த வாட், தெர்மோஸ்டாட்டில் ‘ஆஃப்’ நிலை உண்டா, ஹீட்டரில் விசிறி உண்டா. சுவருக்குள் எத்தனை வயர் என்பதை எலக்ட்ரீஷியனிடம் கேட்டு ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தோடு கடைக்குப் போங்கள். அதற்குப் பொருந்தாத தெர்மோஸ்டாட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்காதீர்கள்.